நான் தடுத்து நிறுத்திய பெண்

"கையைத் தூக்கும்மா," என்றேன். அவள் தூக்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மைசூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கோடியில், கோணித்துணியால் நாலு பக்கமும் மறைத்து ஒரு தடுப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு முக்காலி, ஒரு வாளி மருந்துத் தண்ணீர், நான். வெளியே பெங்களூர் வண்டியிலிருந்து இறக்கப்பட்ட பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வெயிலில் காய்ந்த கோணியின் புழுக்க வாடையும் மருந்துத் தண்ணீரின் காரமும் சேர்ந்து ஒரு நெடி. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் அது வந்து என் தொண்டையைப் பிடிக்கிறது.

"புள்ளைய வச்சிருக்கறனுங்கக்கா," என்றாள் அவள். கொள்ளேகால் பக்கத்துப் பேச்சு.

"என்கிட்ட கொடு."

குழந்தையை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். பத்து மாதம் இருக்கும். பெண் குழந்தை. என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மறுகையை அவள் அக்குளில் வைத்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. விரலடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. தொட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பால் கட்டிக்கிச்சுங்கக்கா. வேறொண்ணும் இல்லீங்க. ரெண்டு நாளா புள்ளை சரியாக் குடிக்கல. என்னைய உட்டுருங்க. நஞ்சன்கூட்டுல எங்கண்ணன் வண்டி கட்டிட்டு வந்திருப்பாருங்க. ஊடு போய்ச் சேந்துட்டாப் போதுமுங்க."

பால் கட்டினால் எங்கே வலிக்கும், எப்படிக் கல்லாகும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பு என் முதல் குழந்தை, வள்ளி என்று பெயர் வைத்த மூன்று மாதக் குழந்தை, மாந்தம் கண்டு போய்விட்டது. குடிக்க ஆளில்லாத பாலோடு ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இது பால் கட்டு இல்லை.

கோணித் திரையை விலக்கி, "டாக்டர்," என்று கூப்பிட்டேன்.

கேட்டவர்களுக்குப் பதில்

பிளேக் காலத்தில் நான் ஸ்டேஷனில் வேலை பார்த்ததாகச் சென்ற வாரம் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு குடும்பப் பெண் எப்படி அந்த வேலைக்குப் போனாள் என்று சில வாசகர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் மாமியார் வீட்டாரும் அதையேதான் கேட்டார்கள்.

என் கணவர் சபாபதி மைசூர் ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. கும்பகோணத்துப் பக்கமிருந்து ரயில் வேலைக்காக வந்த குடும்பம். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். பிளேக் வந்து இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, சரியாக நினைவில்லை. வெளியூரிலிருந்து வருகிற எல்லோரையும் ஸ்டேஷனில் நிறுத்திச் சோதித்தார்கள். முதலில் பெண்களையும் ஆண் டாக்டரே தொட்டுப் பார்த்தார். பெண்கள் அலறினார்கள். ஒருத்தி தண்டவாளப் பக்கம் குதித்துச் சரக்கு வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவளை வெளியே வரவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பெண்களைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று தேடினார்கள். யாரும் வரவில்லை. என் கணவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உனக்கு எப்படித் தோணுது?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் ஒரு குழந்தை அழுத சத்தம் நின்று போயிருந்தது. பகல் முழுவதும் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட எங்காவது போய் நிற்கலாம் என்று தோன்றியது. போனேன். அவ்வளவுதான் காரணம். துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடு பிரித்த வீடுகள்

அந்த நாளில் எங்கள் சந்து எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மீதி புரியும்.

முதலில் எலிகள் செத்தன. உத்தரத்திலிருந்து பொத்தென்று விழும். ஒரு வீட்டில் எலி விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டி ஊருக்கு வெளியே தட்டிக் குடிசை போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். சர்க்கார் ஆட்கள் வந்து கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே வெயில் விடுவார்கள். சமையலறையில் வானம் தெரியும். அடுப்பின் மேல், சாமி படத்தின் மேல், தொட்டில் கயிற்றின் மேல் எல்லாம் வெயில் அடிக்கும். பார்க்க மனசு தாங்காது.

மார்க்கெட்டில் பூக்கடைகள் மூடிவிட்டன. மல்லிகை வாசனை இல்லாத மார்க்கெட்டை அப்போதுதான் பார்த்தேன். கொள்ளேகாலிலிருந்தும் நரசீபுரத்திலிருந்தும் காய்கறி கொண்டு வரும் வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். வியாபாரமெல்லாம் அங்கே மரத்தடியில்தான்.

ஜனங்களுக்கு நோயைவிட கேம்ப்பைக் கண்டுதான் பயம். ஊருக்கு வெளியே தட்டியும் கீற்றும் வைத்து அமைத்த கேம்ப்புக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று பேச்சு. அதனால் மறைத்தார்கள். காய்ச்சல்காரரை அரிசிக் குதிருக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். செத்துப்போனவரை ஜட்காவில் உட்கார்ந்த நிலையில் வைத்து, தலையில் ஜரிகைத் தலைப்பாகை கட்டி, ஊரைத் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்றுகூடச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் சோதனைக்கு முன்னால் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டு வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நெற்றி சில்லென்று இருக்கும். அக்குள் சொல்லிவிடும்.

சந்து முனையில் வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பிளேக் மாரி என்று கும்பிட்டார்கள். தயிர்ச்சோறு படைத்தார்கள். தையல்கார சாயபுவும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி நகர்ந்தது

டாக்டர் வந்து பார்த்தார். தலையை ஆட்டினார். அதற்கு அர்த்தம் கேம்ப்.

அவள் பெயர் நாச்சாயி. புருஷன் பொன்னன், பெங்களூரில் செங்கல் சூளையில் வேலை. அங்கே நோய் மிஞ்சியதும் ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஆண்கள் வரிசையில் அவன் ஏற்கெனவே தேறி, நஞ்சன்கூட்டுக்குப் போகும் அதே வண்டியில் திரும்ப ஏறி உட்கார்ந்திருந்தான். அவளைத் தடுப்பிலிருந்து டாக்டரின் கூடாரத்துக்கு அழைத்துப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். எழுந்தான். கதவு வரைக்கும் வந்தான். கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"ஏனுங்க! எறங்குங்க!" என்று அவள் கத்தினாள்.

வண்டி ஊதியது. நகர்ந்தது. அவன் இறங்கவில்லை. வளைவு திரும்பும் வரை அவன் கை கம்பியில் இருந்தது தெரிந்தது.

குழந்தை இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது.

"நோயாளிக் கொட்டகையில் குழந்தையை வைக்க முடியாது," என்றார் டாக்டர். "பக்கத்துக் கொட்டகையில் வைத்தால் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது."

"நான் வச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை.

அப்படியானால் நான் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, என் கணவர் ஸ்டேஷனிலேயே தங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சரி என்றேன். நாச்சாயி என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளைத் தடுத்தவள் நான்தானே. அவள், "கேவுருக் கஞ்சி குடிப்பாளுங்க. உப்புப் போட வேண்டாமுங்க," என்று மட்டும் சொன்னாள். பிறகு கேம்ப்புக்குக் கொண்டுபோக வந்த தூக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். குழந்தையின் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கதவு

எங்கள் கதவில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுப் பூக்காரி கெம்பம்மா தெருவில் நின்றுகொண்டு, "ஆ மகூனா யாக்கம்மா தந்தே? எல்லரூ சாயோக்கா?" என்று கத்தினாள். அந்தக் குழந்தையை ஏன் கொண்டு வந்தாய், எல்லோரும் சாகவா என்று அர்த்தம். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் காலையில் வாசல்படியில் ஒரு சொம்பு ஆட்டுப்பால் இருந்தது. தினமும் இருந்தது. கெம்பம்மா கடைசி வரை என்னோடு பேசவில்லை. பாலும் நிற்கவில்லை.

தினமும் மாலையில் அவர் சந்து முனை வரை வந்து நிற்பார். நான் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக் காட்டுவேன். "சாப்பிட்டியா?" என்பார். "நீங்க?" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் கத்தினால் தெருவுக்கே கேட்கும்.

குழந்தைக்கு நோய் வரவில்லை. முதல் இரண்டு நாள் அம்மாவைத் தேடி அழுதது. மூன்றாம் நாள் என் தோளில் தூங்கியது. ஆறாம் நாள் சுவரைப் பிடித்து நின்றது. நான் கைதட்டியதும் தானும் தட்டியது. எத்தனை நாளைக்குத்தான் பாப்பா, பாப்பா என்று கூப்பிடுவது? ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வாயில் தானாக வந்தது: "வள்ளி."

குழந்தை திரும்பிப் பார்த்தது.

பத்து நாள் முடிந்தது. அவர் வீட்டுக்கு வந்தார். நான் அந்த மாதம் வேலைக்குத் திரும்பவில்லை. வேறொருத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரைக் கேட்டுக்கொண்டேன். கேம்ப்பிலிருந்து சேதி வந்தபடி இருந்தது. கட்டி பெரிதாயிற்று. நினைவு தப்பிவிட்டது. தலைமுடியை எடுத்துவிட்டார்கள். இன்றைக்குத் தாண்டாது, நாளைக்குத் தாண்டாது.

இந்த இடத்தில் நான் எழுத வேண்டியதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சேதி வரும்போதெல்லாம் "ஐயோ பாவம்" என்று வாய் சொல்லும். உள்ளே ஒன்று காத்திருக்கும். அவள் போய்விட்டால், ஓடிப்போன அப்பன் கேட்டு வரப்போவதில்லை. குழந்தை என்னோடுதான். வேப்பமரத்தடிக்குப் போய்க் கும்பிட்டு நிற்பேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். நாச்சாயி பிழைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொள்ளவில்லை.

கேம்ப் வாசல்

நாச்சாயி வந்து ஒரு மாதத்துக்கு இரண்டு நாள் குறைவு. உச்சிவெயில் நேரம். கேம்ப் பியூன் வந்தான். முகம் பூராவும் சிரிப்பு. பெண்ணை ஹெங்கசு என்றும் குழந்தையை மகு என்றும் கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவான்.

"அம்மா, அந்தக் கொள்ளேகால் ஹெங்கசு பிழைச்சுட்டா! கட்டி உடைஞ்சு ஆறிப்போச்சு. இன்னிக்கு விட்டாச்சு. கேட்டாண்ட புளியமரத்தடியில குந்தியிருக்கா. ஊருக்குள்ள வர சீட்டு இல்ல. மகுவை எடுத்துட்டு வரச் சொன்னா."

குழந்தை உள்ளே ஊஞ்சல் சங்கிலியை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

"குழந்தைக்கு உடம்பு சுடுது. இன்னிக்கு முடியாது," என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. "அங்கே காத்துட்டிருக்காம்மா," என்றான்.

"முடியாதுன்னு சொல்லு." கதவைச் சாத்தினேன்.

அன்று பகல் முழுவதும் என்ன செய்தேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்குத் தலை வாரினேன். மை இட்டேன். அழித்துவிட்டு மறுபடியும் இட்டேன். சேலத்தில் என் அக்கா இருந்தாள். காலை வண்டியில் அங்கே போய்விட்டால் என்ன என்று ஒரு துணி மூட்டையைக்கூட எடுத்து வைத்தேன். பிறகுதான் உறைத்தது: எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் ஒரு பெண் என்னைத் தொட்டுப் பார்த்து, இது யார் குழந்தை என்று கேட்பாள்.

அவர் அன்று வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.  

விடிந்ததும் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எது என்னைக் கிளப்பியது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த மூட்டையை அவிழ்த்து மடித்த துணியைத் திரும்ப அடுக்கியபோதே கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

புளியமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை மொட்டை. மாரெலும்பு தெரிந்தது. ராத்திரித் தூறலில் நனைந்த சேலை இன்னும் காயவில்லை. என்னைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"காச்சல் உட்டுருச்சுங்களாக்கா?" என்றாள்.

நான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"நேத்துப் பொழுது எறங்கறப்ப உங்கூட்டுக்காரரு வந்து சொன்னாருங்க. புள்ளைக்கு மேலு சுடுது, காத்தால கட்டாயம் கொண்டாருவா, நீ பயப்படாதேன்னாரு. சோறு கொடுத்துட்டுப் போனாருங்க. நாந்தான் ராத்திரியெல்லாம் கருப்பராயனை வேண்டிக்கிட்டு இருந்தனுங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு."

பிறகு கையை நீட்டினாள். "தங்கா! ஏ தங்காயி! அம்மா வந்திருக்கறன் பாரு கண்ணு."

குழந்தை அவளைப் பார்த்தது. மொட்டைத் தலையைப் பார்த்தது. வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் மறுபடியும் "தங்கா" என்றாள். குழந்தை திரும்பவில்லை.

"வள்ளி, அழாதே," என்றேன் நான், பழக்கத்தில். குழந்தை அழுகையை அடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது.

நாச்சாயியின் கை நீட்டியபடியே இருந்தது. மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

"வள்ளிங்களா," என்றாள். "அதுவும் நல்ல பேருதானுங்க."

நரசீபுரம் ரோடு

ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்றாள். "ரயிலுக்குப் போனா மறுக்காவும் தொட்டுப் பாப்பாங்க. வண்டியிலயே போய்க்கறனுங்க." காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் கொள்ளேகால் வண்டிகள் ஊர் எல்லையில் நிற்கும். கேம்ப்பிலிருந்து அங்கே ஒன்றரை மைல்.

"நீங்களும் கூட வாங்கக்கா," என்றாள். "புடுங்கிட்டுப் போனா புள்ளை பயந்துக்கும். நடந்துட்டே பழக்கிக்கறனுங்க."

நடந்தோம். குழந்தை என் இடுப்பில். அவள் பக்கத்தில் ஒட்டி நடந்தபடி, ஒரு புளியங்கொத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்கியது. நின்று நின்று நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் குழந்தை புளியங்கொத்துக்குக் கை நீட்டியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. பிறகு அவள் பேச்சை உற்றுக் கேட்டது. முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்தது போலிருக்கிறது. தானாகவே அவள் பக்கம் சாய்ந்தது.

அவள் வாங்கிக்கொண்டாள். என் இடுப்பில் காற்றுப் பட்டது.

வண்டி நிற்கிற இடம் வருவதற்குள் குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. கீரை வண்டிக்காரர் ஒருவர் கோணியை விரித்து இடம் கொடுத்தார். ஏறியதும் நாச்சாயி, "எங்கூட்டுக்காரரு வந்து கேட்டாருங்களா?" என்றாள். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அவள் கையசைக்கவில்லை. குழந்தையைப் பிடித்திருந்த கையை எடுக்க அவளுக்கு மனசில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அந்த வண்டிக்காரர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துச் சொன்னார். பொன்னன் ஊரில்தான் இருந்தானாம். பெண்டாட்டியும் பிள்ளையும் செத்துவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தானாம். அவள் வந்து வண்டியிலிருந்து இறங்கியபோது அவன் வாசலை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவனிடம் திரும்பவில்லை. குழந்தை நடக்கிறது என்றார்.

குழந்தையைக் கொடுத்துவிட்டு அன்று நான் வீடு திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. அவர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். என் இடுப்பைப் பார்த்தார். எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நேத்து அங்க போனீங்களா?" என்றேன்.

"போனேன். பியூன் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னான்."

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

 நான் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா, நான் சொன்னேன்னு போயிருப்பே," என்றார்.

மாலை வண்டிக்கு நான் வேலைக்குப் போனேன்.